வானொலி வித்தகர் ஆர்ம்ஸ்ட்ராங்

அமெரிக்க நாட்டிலே, நியூயார்க் மாநகரை அடுத்து வடக்கே, ஹட்சன் ஆற்றின் கரைமேட்டில் யாங்கர்ஸ் என்னும் ஊர் அமைந்துள்ளது. 1910ஆம் ஆண்டில் அவ்வூரார் ஒரு புதுமையைக் கண்டனர். ஒரு வீட்டின் புறக்கடையில் கம்பம் ஒன்று நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டே வந்தது. முடிவில் அதன் உயரம் 125 அடி ஆயிற்று. அதனை எழுப்பியவன் பத்தொன்பது அகவை இளைஞன் ஒருவன். கயிற்றில் கட்டிய சிறு பலகையில் அமர்ந்து, தன்னைத் தானே மேலே இழுத்துக்கொண்டு, உச்சியில் கம்பிகளைப் பிணித்துக்கொண்டிருந்தான் அவன். கீழே நின்று நோக்கியோர்க்குத் தலை சுற்றியது. மேலே இருந்தவனுக்கோ அச்சம் என்பதே இல்லை.

அவ்விளைஞரே எட்வின் ஹோவர்ட் ஆர்ம்ஸ்ட்ராங் ஆவார். வானொலிக் கலையின் அடிப்படைகளாகிய மூன்று பெரு மின்சுற்றுகள் அவர் கையால் உருவாயின. ஆயினும், முதன்முதல் அவர் வேலை செய்த இடம் அரசினர் ஆய்வகமும் அன்று, பெருநிறுவனத்தின் தொழிற்கூடமும் அன்று. தம் வீட்டுக் கூரையை ஒட்டிய மேன்மாடச் சிற்றறையே ஆகும். பொழுதுபோக்காகத் தொடங்கிய வேலை அவர்தம் வாழ்வாகவே மாறிற்று. அவ்வாழ்வின் இன்பமும் துன்பமும் அவ்வேலையிலிருந்தே பிறந்தன.

அக்காலத்தில் வானொலிப் பெட்டி என ஒன்று வீடுகளில் இல்லை. கம்பியில்லாத் தந்தியே இருந்தது. கப்பல்களும் கரையோர நிலையங்களும் புள்ளியும் கோடுமாகிய குறிகளால் செய்தி பரிமாறிக்கொண்டன. அவற்றைக் கேட்க விரும்பிய சிறுவர், கேட்கும் கருவியைத் தாமே செய்துகொள்ளல் வேண்டும். ஓட்ஸ் அடைத்து வந்த வட்ட அட்டைப் பெட்டியை எடுத்து, அதன்மீது செப்புக் கம்பியை வரிவரியாகச் சுற்றுவர். அது கம்பிச் சுருள் ஆகும். கலீனா என்னும் ஈயக் கனிமத் துண்டொன்றை வாங்கி, பூனை மயிர் போன்ற மெல்லிய கம்பியின் நுனியால் அதனை அங்கும் இங்கும் தொட்டுப் பார்ப்பர். சரியான இடத்தில் நுனி பட்டதும் செவிக்கருவியில் குறியொலி கேட்கும். இவற்றையெல்லாம் அடுக்களையில் ரொட்டி வெட்டும் பலகையொன்றின்மேல் திருகாணியால் பொருத்துவர். பலகையை இழந்த அன்னையர் என் செய்தனரோ, அறியோம்! சோதனைக்காக மின்சுற்றுகளைப் பொருத்திப் பார்க்கும் தட்டுக்கு ரொட்டிப் பலகை என்னும் பொருள் தரும் ஆங்கிலப் பெயரே இன்றளவும் வழங்கி வருகின்றது.

கம்பியோடு கம்பியைச் சேர்க்க இக்கலைஞர் உருக்கி ஊற்றும் ஈயக் கலவைக்குத் தமிழில் பற்றாசு என்னும் பழஞ்சொல் உண்டு. பொற்கொல்லர் நெடுங்காலமாக ஆண்ட சொல் அது. மாணவர்கள் அதனை மறவாமல் வழங்குதல் நன்று.

ஈண்டு ஒன்றனை விளக்கிவிட்டு மேலே செல்வோம். நாம் பேசும்பொழுது காற்று அதிர்கின்றது. அவ்வதிர்ச்சி ஏறினால் தானும் ஏறி, இறங்கினால் தானும் இறங்கி, நிழல்போல் ஒலியைப் பின்பற்றிச் செல்லும் மின்னோட்டத்தைக் கையாளும் சுற்றுகளை அனலாக் மின்சுற்றுகள் என்பர். எண்களாக மாற்றிக் கணக்கிடும் இக்காலக் கணிப்பொறிச் சுற்றுகள் வேறு வகையின. அனலாக் சுற்றுகளை அமைப்போர்க்குக் கணக்கறிவு வேண்டும். அதனினும் மிகுதியாகக் கையின் பொறுமையும் செவியின் கூர்மையும் வேண்டும். சுருளில் ஒரு சுற்றுக் கூடினாலும் குறைந்தாலும், கம்பி சற்றே விலகினாலும் பயன் மாறிவிடும். ஆர்ம்ஸ்ட்ராங் இவ்விரண்டும் வாய்க்கப் பெற்றவர்.

அவர் 1890ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 18ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தையார் ஜான், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் அமெரிக்கக் கிளையில் பணியாற்றியவர். அன்னையார் எமிலி, திருமணத்திற்கு முன்பு ஆசிரியராக இருந்தவர். எட்டு, ஒன்பது அகவையில் சிறுவரை நரம்புநோய் ஒன்று பற்றியது. இரண்டாண்டுகள் பள்ளிக்குச் செல்ல இயலவில்லை. நோய் நீங்கியும், கழுத்தும் தோளும் அவ்வப்போது தாமே வெட்டி இழுக்கும் துன்பம் வாழ்நாள் முழுதும் அவரை விட்டு அகலவில்லை. ஏனைய சிறுவரோடு கலந்து ஆடுதற்குக் கூசியவராய்த் தனிமையை நாடினார். தனிமை அவரைக் கருவிகளிடம் சேர்த்தது. குடும்பம் 1902இல் யாங்கர்ஸில் குடியேறியது. தந்தையார் இலண்டன் மாநகரிலிருந்து கொணர்ந்த புத்தாக்கங்கள் பற்றிய நூலொன்றைப் பயின்ற அவர், மார்க்கோனியைப் போலத் தாமும் ஒன்று காண்பது என உறுதி பூண்டார். மேன்மாட அறை கம்பிச் சுருள்களாலும் மின்கலங்களாலும் நிறைந்தது.

1909இல் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தபோது, தந்தையார் அவருக்குச் சிவப்பு வண்ண மோட்டார் மிதிவண்டி ஒன்றைப் பரிசளித்தார். அதன்மேல் ஏறி நாள்தோறும் நியூயார்க் சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயின்றார். அங்கே மைக்கேல் பியூப்பின் என்னும் பேரறிஞர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். நூலில் உள்ளது என்பதற்காக ஒன்றனை ஒப்புக்கொள்ளும் இயல்பு மாணவரிடம் இல்லை. செய்து பார்த்த பின்னரே நம்பினார். ஆசிரியர் சிலருக்கு இஃது எரிச்சல் ஊட்டியது. பியூப்பினுக்கு மகிழ்ச்சி ஊட்டியது.

லீ டி பாரஸ்ட் என்பவர் 1906இல் ஆடியான் என்னும் வெற்றிடக் குழாய் ஒன்றைச் செய்திருந்தார். கண்ணாடிக் குமிழினுள்ளே மூன்று உறுப்புகள் உண்டு. சூடேறி ஒளிரும் இழையிலிருந்து மின்னணுக்கள் புறப்படுகின்றன. எதிரே உள்ள தகடு அவற்றை ஈர்க்கின்றது. இரண்டிற்கும் இடையே மெல்லிய கம்பிவலை ஒன்று நிற்கின்றது. ஏரி மதகை எண்ணிப் பார்த்தால் இதன் தன்மை விளங்கும். மதகுப் பலகையைச் சிறிதே தூக்குவதும் தாழ்த்துவதும் ஒருவனுடைய கைவலிமை. பாய்ந்து வருவதோ ஏரி நீரின் பெருவலிமை. அதுபோல வலையின்மேல் படும் மெலிந்த மின்குறி, தகட்டுக்குச் செல்லும் பேரோட்டத்தை ஆட்டி வைக்கின்றது. இத்துணை அருமையான கருவியின் உள்ளியல்பை அந்நாளில் ஒருவரும் தெளிவாக உணர்ந்தாரில்லை; அதனைச் செய்தவரும் உணர்ந்தாரில்லை.

அண்டையில் வாழ்ந்த பொறியறிஞர் ஒருவர் அன்பினால் அக்குழாய் ஒன்றை இளைஞர்க்கு அளித்தார். ஆர்ம்ஸ்ட்ராங் அதனைத் துருவித் துருவி ஆராய்ந்தார். தகட்டிலிருந்து வெளிப்படும் மின்னோட்டத்தில் வந்த அலையின் சாயல் இன்னும் எஞ்சியிருத்தலைக் கண்டார். அதனை வீணே போகவிடாமல், ஒரு சுருளின் வழியாக மீண்டும் வலைக்கே திருப்பி விட்டால் என்ன ஆகும் என எண்ணினார். ஊஞ்சல் திரும்பி வரும்பொழுதெல்லாம் காலம் அறிந்து சற்றே தள்ளுகிறோம். சிறிய வீச்சு மெல்ல மெல்லப் பெரிதாகின்றது. மின்குறியும் அவ்வாறே சுற்றிச் சுற்றி வந்து வலுப்பெறும் என்பது அவர் கருத்து.

1912ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ஓர் இரவு அச்சுற்று வேலை செய்தது. செவிக்கருவியைக் காதில் அழுத்திக்கொண்டு மூச்சடக்கிக் கேட்கவேண்டிய தொலைவிடக் குறிகள், கருவியை மேசைமேல் வைத்துவிட்டு அறையின் மறுகோடியில் நின்றாலும் கேட்டன. பிறரிடம் அதிர்ந்து பேசாத அவ்விளைஞர் அந்நள்ளிரவில் தம் தங்கையின் அறைக்குட் புகுந்து, துயின்றவளை எழுப்பிக் கூத்தாடினாராம். அத்தோடு நின்றாரல்லர். திருப்பி விடும் அளவை இன்னும் மிகுத்தால் குழாய் தானே அலைகளை எழுப்பத் தொடங்குவதையும் கண்டார். ஆகவே, கேட்கும் சுற்றே பரப்பும் சுற்றாகவும் ஆயிற்று. பின்னூட்டம் என இன்று வழங்கும் முறை இதுவே.

புதுமை கண்டவர் அதன் பயனைக் குறித்த காலம் வரை தாமே துய்க்க அரசு தரும் உரிமைக்குக் காப்புரிமை என்று பெயர். அதற்கு விண்ணப்பிக்கப் பொருள் வேண்டும். படிப்பை முடித்தபின் பார்த்துக்கொள்ளலாம் எனத் தந்தையார் மறுத்துவிட்டார். அப்போது மாமன் ஒருவர், சுற்றின் வரைபடத்தையேனும் சான்றலுவலர் முன் கையொப்பமிட்டு நாள் குறித்து வைக்குமாறு அறிவுரை கூறினார். அவ்வாறே 1913 சனவரி 31ஆம் நாள் அவ்வரைபடம் சான்று பெற்றது. ஆண்டின் பிற்பகுதியில், தம் மோட்டார் வண்டியை விற்றும் கடன் வாங்கியும் பொருள் திரட்டிக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இவ்வொன்பது பத்துத் திங்கள் தாமதம் பின்னர் எத்துணைத் துன்பத்திற்கு இடமாயிற்று என்பதை மேலே காண்போம்.

1914 சனவரித் திங்கள் இறுதியில், நியூஜெர்சிக் கடற்கரையில் பெல்மார் என்னும் ஊரிலிருந்த மார்க்கோனி நிலையத்தில் இச்சுற்றைச் சோதித்தனர். அந்நிறுவனத்தின் சார்பில் டேவிட் சார்னாஃப் என்னும் இளைஞர் வந்திருந்தார். கடுங்குளிரில் ஒரு குடிசையில் அமர்ந்து இருவரும் இரவு முழுதும் கேட்டனர். அயர்லாந்தின் கிளிஃப்டன் நிலையமும் பசிபிக் மாக்கடல் நடுவிலுள்ள ஹொனலூலுவும் தெளிவாகக் கேட்டன. அன்று தோன்றிய நட்பு, பின்னாளில் பெரும் பகையாக மாறும் என்று அவ்விருவருள் ஒருவரும் எண்ணியிரார்.

முதல் உலகப் போரில் அமெரிக்கா கலந்துகொண்டபோது, ஆர்ம்ஸ்ட்ராங் படையின் செய்தித் தொடர்புப் பிரிவில் தலைவராகப் பாரிசுக்குச் சென்றார். 1918இல் ஒரு நாள் பகைவானூர்திகள்மேல் பீரங்கிகள் சுடுவதைக் கண்டு நின்றார். ஊர்தியின் எந்திரத்தில் எழும் தீப்பொறிகள் நுண்ணிய மின்னலைகளை வெளியிடுமே, அவற்றைக் கேட்டால் ஊர்தி இருக்கும் இடம் தெரியுமே என்று அவர் உள்ளம் ஓடியது. ஆனால், அத்துணை விரைந்து அதிரும் அலைகளைப் பெருக்கும் ஆற்றல் அந்நாளைய குழாய்களுக்கு இல்லை. இதற்கு அவர் கண்ட வழி மிக அழகியது.

இப்பாடம் எழுதும் யான் மின்கருவிகளைப் பிரித்துப் பழகியவன் அல்லேன்; எனினும் தம்புராவில் சுருதி கூட்டுவதை அருகிருந்து கேட்டவன். இரண்டு தந்திகள் ஏறக்குறைய ஒத்து, முற்றும் ஒவ்வாதபோது, அவ்விரண்டிற்கும் வேறாக மெல்ல எழுந்து எழுந்து தணியும் ஓர் ஒலி கேட்கும். அதனை விம்மல் என்பர். இரண்டு தந்திகளின் அதிர்வெண்களுக்கு இடையே உள்ள வேறுபாடே விம்மலின் எண் ஆகும். ஆர்ம்ஸ்ட்ராங், வரும் அலையோடு தம் கருவியிலேயே எழுப்பிய வேறோர் அலையைக் கலந்தார். அவற்றின் வேறுபாடாகிய தாழ்ந்த அதிர்வெண்ணை எளிதிற் பெருக்கினார். எந்த நிலையத்தின் அலை வந்தாலும் உள்ளே அது ஒரே அதிர்வெண்ணாக மாற்றப்படுவதால், பெருக்கும் பகுதியை அவ்வோர் எண்ணுக்கு மட்டும் செவ்வையாக அமைத்தாற் போதும். இதுவே சூப்பர்ஹெட்டரொடைன் என்னும் சுற்று. பிரான்சு நாட்டு லூசியன் லெவி என்பவரும் இக்கருத்தைத் தனியே கண்டு உரிமை கொண்டாடியவர் என்பதையும் மறைத்தல் ஆகாது. அச்சுற்று பயன்படு நிலைக்கு வருமுன் போர் முடிந்தது. வானூர்தியைக் கண்டறிய வேண்டிய தேவையும் நீங்கிற்று. வானொலிப் பெட்டிகளுக்குள் அது குடிபுகுந்தது. பின்னூட்டச் சுற்றுடைய பழைய பெட்டிகளைச் சற்றே தவறித் திருகினால், அவை ஊளையிட்டு அண்டை வீட்டார் கேட்பதையும் கெடுத்துவிடும். புதிய பெட்டிகளில் அத்தொல்லை இல்லை.

செல்வம் தேடி வந்தது. 1920இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் இவ்விரு சுற்றுகளின் உரிமையை 3,35,000 டாலருக்குப் பெற்றது. 1922இல் வேறொரு சுற்றுக்காக ஆர்.சி.ஏ. என்னும் வானொலி நிறுவனம் இரண்டு இலட்சம் டாலரும் 60,000 பங்குகளும் அளித்தது. அந்நிறுவனத்தில் பெரும்பொறுப்பில் இருந்தவர் பெல்மார் நண்பராகிய சார்னாஃபே. அவருடைய செயலாளராக இருந்த மேரியன் மக்இன்னிஸ் என்னும் நங்கையை ஆர்ம்ஸ்ட்ராங் விரும்பினார். 1923இல், நியூயார்க்கில் ஓர் உயர்ந்த கட்டடத்தின் மேலிருந்த ஆர்.சி.ஏ. கம்பத்தின் உச்சியில் ஏறி நின்று ஒளிப்படம் எடுப்பித்து, அதனை அந்நங்கைக்கு அனுப்பினார்! சார்னாஃப் சினந்து, நிலையத்திற்குள் அவர் காலடி வைத்தலாகாது எனத் தடுத்தார். அவ்வாண்டு டிசம்பரில் திருமணம் நிகழ்ந்தது. மணமகன் அளித்த பரிசு யாது? பொன்னன்று, மணியன்று, தம் கையால் செய்த, தூக்கிச் செல்லத்தக்க சூப்பர்ஹெட்டரொடைன் வானொலிப் பெட்டி! அவ்வகையில் அதுவே முதலாவது. கடற்கரை மணலில் அதனை வைத்து மணமக்கள் இசை கேட்டனர்.

இன்பம் இவ்வளவில் நிற்கட்டும்.

பின்னூட்டத்தைத் தாமே முன்னர்க் கண்டதாக டி பாரஸ்ட் வழக்குத் தொடுத்தார். 1912இல் தம் ஆய்வுக்கூடத்தில் சுற்று ஒன்று ஊளையிட்டதற்குக் குறிப்பு உண்டு என்பது அவர் வாதம். ஊளையைக் கேட்டது உண்மையே. அதன் காரணத்தை உணர்ந்து பயன்கொண்டவர் யார் என்பதே கேள்வி. முதலில் நீதிமன்றங்கள் ஆர்ம்ஸ்ட்ராங் பக்கமே தீர்ப்பளித்தன. எதிரியிடம் பெறவேண்டிய தொகையை அவர் அன்று விட்டுக்கொடுத்திருப்பின், தீர்ப்பு உறுதிப்பட்டு வழக்கு முடிந்திருக்கும். அவர் விட்டுக்கொடுத்திலர். தமக்கு உரியது ஒரு காசாயினும் அது தமக்கே உரியது என்பது அவர் பிடிவாதம். மேன்மாட அறையில் உடும்புப்பிடியாக நின்று வெற்றி தந்த அதே குணம், நீதிமன்றத்தில் அவரைத் தோல்விக்கு இழுத்துச் சென்றது எனலாம். வழக்கு மீண்டும் உயிர்பெற்றது. 1928இலும் 1934இலும் அமெரிக்க உச்சநீதிமன்றம் டி பாரஸ்டுக்கே உரிமை என முடிவு செய்தது.

1934 மே மாதத்தில் பிலடெல்பியா நகரில் வானொலிப் பொறியாளர் கழகத்தின் பேரவை கூடியது. பின்னூட்டச் சுற்றுக்காக அக்கழகம் 1917இல் தமக்கு அளித்த முதல் பதக்கத்தைத் திருப்பித் தரும் பொருட்டு ஆர்ம்ஸ்ட்ராங் அங்கே சென்றார். நீதிமன்றம் தமதன்று எனக் கூறியதற்குப் பதக்கம் வைத்திருத்தல் முறையன்று என்பது அவர் எண்ணம். கழகத் தலைவர் அதனை வாங்க மறுத்தார். பதக்கம் அவருக்கே உரியது எனக் கழகம் மீண்டும் உறுதி செய்வதாக மேடையில் அறிவித்தார். பொறியாளர் அனைவரும் எழுந்து ஆரவாரித்தனர். கேட்க வேண்டியவர் கேட்டுவிட்டனர் என்று அவர் அமைதி கொண்டிருக்கலாம், கொண்டாரில்லை.

வழக்கு நடந்துகொண்டிருந்த அவ்வாண்டுகளிலேயே அவர் தம் மூன்றாம் பெருஞ்செயலை முடித்துக்கொண்டிருந்தார். அந்நாளைய வானொலியில் இடியும் மின்னலும் கலந்து கரகரத்தன. ஒலிக்கு ஏற்ப அலையின் உயரத்தைக் கூட்டியும் குறைத்தும் அனுப்புவது அன்றைய முறை. மின்னலும் அலையின் உயரத்திலேயே தன் கைவரிசையைக் காட்டுகின்றது. ஆதலால் பாலில் கலந்த நீர்போல் இரண்டனையும் பிரிக்க முடியவில்லை. ஆர்ம்ஸ்ட்ராங் உயரத்தை மாறாமல் நிறுத்தி, நொடிக்கு எத்தனை அலை என்னும் எண்ணை மட்டும் ஒலிக்கு ஏற்ப மாற்றினார். வாங்கும் கருவி அலையின் தலையைச் சமமாகக் கொய்துவிடும்; உயரத்தில் ஒட்டிய இரைச்சலும் அதனோடு போய்விடும். இதனை அதிர்வெண் பண்பேற்றம் என்பர், எஃப்.எம். என மக்கள் அறிவர்.

இம்முறையால் பயனில்லை என ஜான் கார்சன் என்னும் கணித வல்லுநர் 1922இல் எழுதியிருந்தார். கார்சனின் கணக்கில் பிழையில்லை. அவர் அலையெண்ணைச் சிறிதளவே மாற்றுவதாகக் கொண்டு கணக்கிட்டார். ஆர்ம்ஸ்ட்ராங் அதனைப் பெரிதும் மாற்றிப் பார்த்தார். அக்காலத்து நிலையம் ஒன்றற்கு 10 கிலோஹெர்ட்சு இடம் போதும், எஃப்.எம். நிலையத்துக்குப் பின்னர் ஒதுக்கப்பட்டது 200 கிலோஹெர்ட்சு. குறுகிய வழியில் கிட்டாதது அகன்ற வழியில் கிட்டியது. கொலம்பியா பல்கலைக்கழகக் கட்டடமொன்றின் அடித்தளத்தில், மேசை மேசையாகப் பரப்பிய குழாய்களுக்கும் சுருள்களுக்கும் இடையே பல ஆண்டு உழைத்து இதனைக் கண்டார். 1933 டிசம்பர் 26ஆம் நாள் காப்புரிமைகள் கிடைத்தன.

அவர் முதலிற் காட்டியது சார்னாஃபுக்கே. சார்னாஃப் எதிர்பார்த்தது இருக்கும் பெட்டியோடு பொருத்தத்தக்க சிறு கருவி. வந்ததோ பழைய நிலையங்களையும் பெட்டிகளையும் ஒருங்கே மாற்ற வேண்டிய புது முறை. ஆயினும் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 85ஆம் தளத்தில் சோதனைக்கு இடம் அளித்தார். 1934இல் சோதனை வெற்றி பெற்றது. 1935இல் தொலைக்காட்சிப் பணிக்கு அவ்விடம் வேண்டும் என்று கூறி, கருவிகளை எடுத்துச் செல்லுமாறு ஆர்.சி.ஏ. கேட்டுக்கொண்டது.

கைவிடப்பட்ட அவருக்குக் கைகொடுத்தது பழைய பொழுதுபோக்கு நட்பே. யாங்கர்ஸில் ரன்யான் என்னும் இளமைத் தோழர் தம் வீட்டிலேயே வானொலி நிலையம் அமைத்து மகிழ்ந்தவர். 1935 நவம்பர் 5ஆம் நாள் நியூயார்க்கில் பொறியாளர் கழகத்தில் ஆர்ம்ஸ்ட்ராங் கட்டுரை படித்தார். முடிவில் பெட்டியொன்றைத் திருப்பினார். இரைச்சலே இல்லாத ஆழ்ந்த அமைதி; பெட்டி வேலை செய்யவில்லையோ எனச் சிலர் ஐயுற்றிருப்பர். பின்னர் ரன்யானின் குரல் எழுந்தது. குவளையில் நீர் வார்க்கும் ஓசையும் தாளைக் கசக்கும் ஓசையும் வேறு வேறாகக் கேட்டன. வானொலியில் நீர் நீராகவும் தாள் தாளாகவும் ஒலித்தது அன்றுதான்.

இதன்பின் அவர் எவர் துணையையும் நம்பாமல், ஹட்சன் ஆற்றின் மறுகரையில் ஆல்பைன் என்னுமிடத்தில் 400 அடிக்கு மேற்பட்ட கோபுரத்தைத் தம் பொருளால் எழுப்பினார். 1939இல் அந்நிலையம் ஒழுங்காக ஒலிபரப்பலாயிற்று. யாங்கர்ஸ் புறக்கடைக் கம்பமே ஆற்றைக் கடந்து வளர்ந்து நின்றாற்போல் இருந்தது அது. 1940இல் ஆர்.சி.ஏ. பத்து இலட்சம் டாலர் தர முன்வந்தது. ஏனையோர் பெட்டிக்கு இவ்வளவு என உரிமைத் தொகை செலுத்தும்போது ஒருவருக்கு மட்டும் விலக்கு இல்லை என்று மறுத்தார். இரண்டாம் உலகப் போர் வந்தது. தம் எஃப்.எம். காப்புரிமைகளைப் படைத்துறை பொருளின்றிப் பயன்படுத்திக்கொள்ள விட்டார். 1945இல் அரசின் தகவல் தொடர்பு ஆணையம் எஃப்.எம். அலைவரிசையைப் பழைய இடத்திலிருந்து 88 மெகாஹெர்ட்சுக்கு மேல் மாற்றியது. மக்கள் வாங்கியிருந்த இலட்சக்கணக்கான பெட்டிகள் ஒரே ஆணையால் பயனற்றன. நிலையங்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

1948இல் அவர் ஆர்.சி.ஏ.மீது வழக்குத் தொடுத்தார். எதிர்த்தரப்பினர் நாட்களைக் கடத்தினர். 1950இல் காப்புரிமைகள் காலம் முடிந்து காலாவதியாயின, வருவாய் நின்றது, வழக்குச் செலவு மட்டும் நிற்கவில்லை. காலை முதல் இரவு வரை வழக்குத் தாள்களே அவர் கையில் இருந்தன. சுருள் சுற்றிய கைகள் அவை. 1953 இறுதியில், வழக்கை முடித்துக்கொள்ளும் பேச்சு மனைவியோடு மனக்கசப்பில் முடிந்தது. மேரியன் அம்மையார் தம் உடன்பிறந்தாள் இல்லம் சென்றார். தனித்திருந்த ஆர்ம்ஸ்ட்ராங், மனைவிக்கு ஒரு மடல் எழுதி வைத்துவிட்டு, 1954 சனவரி 31ஆம் நாள் இரவு தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். அகவை அறுபத்து மூன்று. பின்னூட்ட வரைபடத்தில் சான்றலுவலர் முன் அவர் கையொப்பமிட்டுச் சரியாக நாற்பத்தோராண்டுகள் நிறைந்த நாள் அது. பின் நிகழ்ந்தவற்றைத் தம் கண்ணால் காண அவர் இல்லை.

மேரியன் அம்மையார் வழக்குகளைக் கைவிடவில்லை. 1954 இறுதியில் ஆர்.சி.ஏ. பத்து இலட்சம் டாலருக்குச் சற்று மிகுதியான தொகை தந்து உடன்பட்டது. ஏனைய நிறுவனங்களையும் அவர் ஒவ்வொன்றாக எதிர்கொண்டார். மோட்டரோலா நிறுவனத்தோடு நிகழ்ந்த இறுதி வழக்கும் 1967இல் அவருக்கே வெற்றியாக முடிந்தது. கணவர் இறந்து பதின்மூன்றாண்டுகள் கழிந்திருந்தன.

நம் நாட்டில் எஃப்.எம். ஒலிபரப்பு 1977ஆம் ஆண்டு சூலை 23ஆம் நாள் சென்னையில்தான் முதன்முதல் தொடங்கிற்று. ஆல்பைன் கோபுரம் ஆர்ம்ஸ்ட்ராங் மறைந்தபின்னும் வீழவில்லை. 2001 செப்டம்பர் 11ஆம் நாள் நியூயார்க்கின் உலக வணிக மையக் கட்டடங்கள் தகர்ந்தபோது, அவற்றின் உச்சியிலிருந்து ஒளிபரப்பிவந்த தொலைக்காட்சி நிலையங்கள் வாயடைத்துப் போயின. அவற்றுள் சில, ஆற்றின் அக்கரையிலிருந்த அப்பழைய கோபுரத்தில் தம் கருவிகளை ஏற்றி, மீண்டும் மக்களோடு பேசத் தொடங்கின.